லயம்: மலையகத் தமிழர் உருவான குடியிருப்பு

இலங்கை மலையகத்தின் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட வரிசைக் குடியிருப்பு லயம் எனப்படுகிறது. ஒரே கூரையின் கீழ் ஒட்டியொட்டி நிற்கும் அறைகளைத் தோட்டத்து மக்கள் காம்பரா என்கிறார்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என வெவ்வேறு சீமைகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் மலையகத் தமிழர் என்னும் தனி மக்களாக உருவானது பெரும்பாலும் இந்தக் காம்பராக்களில்தான். காலனியக் காலத் தொல்லியலில் லயத்துக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

1820களில் கம்பளைப் பகுதியில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. காப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் சில மாதங்களுக்கு மட்டுமே. இராமநாதபுரம் கரையிலிருந்து தோணியில் மன்னார் வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். அந்தக் காலத்து லயம் வெறும் தங்குமிடம். 1869இல் காப்பி இலையில் துருநோய் கண்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பயிரே அழிந்தது. துருநோய் காண்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1867இல், தோட்ட நிர்வாகி ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதைப் பெண்கள் எடுத்தார்கள். இதனால் குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்கின. குழந்தைகள் அங்கேயே பிறந்தன, முதியவர்கள் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். லயம் வீடானது தேயிலையால்தான்.

காம்பராவின் அளவு பொதுவாக 10 அடிக்கு 12 அடி. முன்புறம் இஸ்தோப்பு என்னும் குறுகிய திண்ணை, மேலே தகரக் கூரை. சில லயங்களில் இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் பின்சுவரில் சன்னலுக்கே இடமில்லை. தோட்ட அதிகாரிகளான துரைமார் போட்ட இந்த வரைபடத்தை மக்கள் தங்கள் கையால் திருத்தியிருக்கிறார்கள். இஸ்தோப்பைச் சாக்கு, பலகை, பிரித்தெடுத்த தகரம் என்று கிடைத்ததைக் கொண்டு மறைத்து அடுப்படியாக்கினார்கள். உத்திரத்தில் அடர்ந்து படிந்த கரியும், தரையில் பலமுறை மெழுகி உயர்ந்த சாண மண்ணும், அறையை இரண்டாக்கிய தட்டியும் அங்கே எத்தனை குடும்பங்கள் எப்படி இடத்தைப் பங்கிட்டன என்று சொல்லும். தோண்டாமலே வாசிக்கக்கூடிய அடுக்குகள் இவை.

லயத்தைச் சுற்றியுள்ள அமைப்பும் முக்கியமானது. மேட்டில் துரை பங்களா, கீழே தொழிற்சாலை, காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் பிரட்டுக்களம், வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பரா, ஓரத்தில் மாரியம்மன் கோவில். ஆள் திரட்டி மேற்பார்த்த கங்காணி தன் சொந்தபந்தத்திலும் சாதியிலும் ஆள் கட்டி வந்ததால், தொடக்கத்தில் சாதிவாரியாகவே லயம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மலை நீர் விழும் ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்பதும், ஒரே நிரையில் நின்று கொழுந்து எடுப்பதும் அந்தக் கோடுகளை மெல்லத் தேய்த்தன. முற்றாக அழித்தன என்று சொல்ல முடியாது. திருமணத்தில் சாதி இன்றும் நிற்கிறது.

மலையகத்துக்கே உரிய தெய்வங்களும் பிறந்தன. ரோதை என்பது தொழிற்சாலையின் சுழல் சக்கரம். அதைக் காக்கும் ரோதமுனியை ஊரிலிருந்து யாரும் கொண்டுவரவில்லை. தோட்டத்து வேலையும் அதன் ஆபத்துமே அவரை உண்டாக்கின. ஊரிலிருந்து வந்த, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தோ மாசி மாதத்தில் தோட்டம் முழுவதையும் ஒரே ஆட்டக்களத்தில் கூட்டியது. முனியின் கல்லும் காமன் ஊன்றிய திடலும் தொல்லியல் வரைபடத்தில் தொழிற்சாலைக்கு இணையாக இடம்பெற வேண்டியவை.

உலகின் வேறு பகுதிகளில் குடியேறியோரின் குடியிருப்புகளைப் பற்றி இத்தகைய தொல்லியல் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 1776இல் ஸ்பானியர் நிறுவிய சான் பிரான்சிஸ்கோ கோட்டைக் குடியிருப்பைத் தொல்லியலாளர் பார்பரா வாஸ் ஆராய்ந்தார். மெக்சிகோப் பகுதியிலிருந்து குடியேறிய, ஆப்பிரிக்க, பழங்குடி, ஸ்பானியக் கலப்பு மரபினர் ஆட்சி ஒட்டிய சாதிப் பெயர்களைக் களைந்து கலிபோர்னியோ என்ற ஒரே மக்களானதை, அவர்கள் கட்டிய மண்கல் வீடு, பானை, உணவு, உடை ஆகியவற்றின் வழியே காட்டினார். மொரிசியசில் 1849இல் கட்டப்பட்ட குடியேற்ற நிலையமான ஆப்ரவாசி காட் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. அந்தத் தீவில் பழைய கரும்புத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் அகழாய்வு நடந்துள்ளது.

மலையகத்தாரின் அடையாளத்தில் காகிதத்துக்கும் தகரத்துக்கும் பெரும்பங்கு உண்டு. 1921இல் ஒழிக்கப்படும் வரை, துண்டு என்னும் சீட்டு கடனைக் காட்டி ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை கொடுக்கப்பட்டது. 1911 குடிக்கணக்கு இவர்களை இந்தியத் தமிழர் என்று தனியே எண்ணியது. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இந்தக் கொடுமையை எதிர்த்து நின்றபோதுதான் மலையகத்தார் என்ற பெயர் அரசியல் வலுப் பெற்றது.

இந்த ஒப்பந்தங்களின்படி தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தவர்களில் பலர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்தார்கள். அங்கும் வரிசை வீடுகளே கிடைத்தன. தமிழ்நாட்டில் அவர்கள் சிலோன்காரர் ஆனார்கள். ஒரே லயத்து உறவுகள் கடலின் இருபுறமும் இரண்டு வகையில் அயலாராக எண்ணப்பட்டதை ஒப்பிட்டு ஆராய நீலகிரியைவிடப் பொருத்தமான களம் இல்லை.

கம்பளைக்கு அருகே பரதேக்காவில் பழைய லயமொன்றே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகியுள்ளது. மற்ற லயங்களில் பெரும்பாலானவற்றில் மக்கள் இன்றும் ஒழுகும் கூரையின் கீழ் வாழ்கிறார்கள். இந்திய உதவியோடும் இலங்கை அரசின் திட்டங்களிலும் தனி வீடுகள் எழுகின்றன. 2017இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. லயங்கள் இடிக்கப்பட வேண்டியவை, அதில் தயக்கத்துக்கு இடமில்லை. இடிக்கும் முன் ஒவ்வொரு லயத்தையும் அளந்து, படமெடுத்து, அடுப்பிருந்த இடத்தையும் சாமி மாடத்தையும் குறித்து, அங்கே வாழ்ந்தவர்களைக் கொண்டே காம்பரா காம்பராவாக வரலாற்றைப் பதிவு செய்ய ஒரு தோட்டத்துக்குச் சில வாரங்கள் போதும்.