பாண் பையும் பட்டுத்திரையும்

விளையாட்டுப் போட்டிக்கு அடிக்கிற ரீசேர்ட், கடைப் பை, கலியாணக் காட். ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் எங்களுக்கு நினைவு வருவது இவைதான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி. மை போகக்கூடாத இடத்தை அடைத்துவிட்டு, மிச்ச இடத்தால் மையை வழித்து இறக்க வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை, அவ்வளவுதான். 1907இல் இங்கிலாந்தின் மன்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் இதற்குக் காப்புரிமை எடுத்தார். பிறகு நெடுங்காலம் இது கடைப் பலகையும் விளம்பரமும் அடிக்கிறவர்களின் தொழிலாகவே இருந்தது.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாமல் நின்ற ஓவியர்களை அமெரிக்க அரசு சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டபோது, அவர்களும் இந்தத் திரையைக் கையில் எடுத்தார்கள். கூடவே ஒரு வெட்கமும் வந்தது. விளம்பரக்காரரின் அச்சோடு தங்கள் படங்களையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்களே என்று 'செரிகிராஃப்' என்றொரு புதுப் பெயர் வந்தது. அதே துணி, அதே மை!

அந்த வெட்கத்தைக் கழற்றி எறிந்தவர்கள் பொப் கலைஞர்கள். ஆனால் பொப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் எல்லோரும் அன்டி வார்ஹோலின் சூப் பேணியில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறோம். 1962 ஜூலையில் லொஸ் ஏஞ்சல்சின் ஃபெரஸ் கலைக்கூடத்தில் அவர் வைத்த 32 கேம்பல் சூப் பேணிகளும் கன்வஸில் கையால் தீட்டியவை. பத்துப் பேணிகளைத் திரையில் அச்சடித்த தொகுதி 1968இல்தான் வந்தது. இடைப்பட்ட அந்த ஆறு வருடத்தில் அதே நகரத்தில் நடந்த இன்னொரு கதைதான் எங்களுக்குப் பெரிசாகப் படுகிறது.

ஃபெரஸ் கண்காட்சியைப் பார்த்தவர்களில் கொரிட்டா கென்ற் என்ற கன்னியாஸ்திரியும் ஒருவர். இம்மாக்குலேட் ஹார்ட் கல்லூரியில் சித்திரம் படிப்பித்தவர். அதுவரைக்கும் வேதாகமக் காட்சிகளைத் திரையச்சில் செய்துகொண்டிருந்தார். அதே 1962இல் அவரிடமிருந்து 'வொண்டர்பிரெட்' வருகிறது. அந்தப் பெயரில் அமெரிக்காவின் ஒவ்வொரு கடையிலும் விற்ற பாண், பையில் பல நிறப் பொட்டுகளோடு வரும். கொரிட்டா பாணையும் விட்டார், பையையும் விட்டார். பொட்டுகளை மட்டும் எடுத்துப் பெரிய வட்டங்களாக அடித்தார். பூசைக்குப் போய்ப் பழகியவருக்கு அந்த வட்டம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. நற்கருணை அப்பமும் வட்டம்தானே.

மாணவிகளை அவர் கல்லூரிக்கு வெளியே சந்தைக்கும் பெற்றோல் செட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனார். ஆளுக்கொரு சின்ன அட்டை, நடுவில் சதுர ஓட்டை. அதைக் கண்ணோடு பிடித்து, ஓட்டைக்குள் அகப்படுகிற துண்டை மட்டும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் விலைச்சீட்டு என்பது எழுத்தும் நிறமுமாகப் பிரிந்து வரும். (இதைச் செய்து பார்க்கக் காசு தேவையில்லை. பழைய பிஸ்கற் பெட்டி போதும்.) 1964இல் கல்லூரியின் மாதா விழாவையே பலசரக்குப் பெட்டிகளாலும் உணவு விளம்பரங்களாலும் அலங்கரித்தார்கள்.

அதே வருடம் இன்னொரு அச்சு. டெல் மொன்ரே கொம்பனியின் தக்காளி விளம்பர வசனத்தை எடுத்து, எல்லாத் தக்காளியிலும் சாறு நிறைந்தது மரியாள்தான் என்ற பொருளில் வைத்தார். பேச்சு ஆங்கிலத்தில் 'தக்காளி' என்றால் கவர்ச்சியான பெண் என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறது. பிறகு கேட்கவா வேணும்? லொஸ் ஏஞ்சல்ஸ் கர்தினால் ஜேம்ஸ் மக்கின்டயருக்கு இவருடைய வேலைகள் ஒருபோதும் பிடித்ததில்லை. மேலிடத்து நெருக்கடிக்கும் களைப்புக்கும் நடுவில் 1968இல் கொரிட்டா துறவறத்தை விட்டு வெளியேறினார். ஒரு தக்காளியை அச்சடிப்பதற்கும் விலை இருந்திருக்கிறது.

வார்ஹோலும் கொரிட்டாவும் எடுத்த சாமான்களுக்குப் பெயர் இருந்தது, கொம்பனி இருந்தது. அந்தப் பெயரையும் உரித்துவிட்டால் என்ன மிஞ்சும்? இதை வருடக்கணக்காகச் செய்துகொண்டிருப்பவர் 1941இல் டப்ளினில் பிறந்த மைக்கேல் கிரெய்க்-மார்ட்டின். 1970களின் கடைசியிலிருந்து மின்குமிழ், குடை, கதிரை, செருப்பு என்று ஒரே தடிப்பான கோட்டால் வரைகிறார். நிழல் இல்லை, பிராண்ட் இல்லை. பிற்காலத் திரையச்சுகளில் கண்ணைக் கூசுகிற இளஞ்சிவப்பும் பச்சையும் சேர்ந்துகொள்கின்றன. எங்கட ரசனைக்கு அவை சில நேரம் மிகச் சுத்தமாக இருக்கின்றன, யாரும் தொட்டுப் பாவித்த அடையாளம் ஒன்றுமில்லை.

ஆனாலும் அவர் எதிர்பார்த்திராத ஒரு வேலையைக் காலம் செய்துவிட்டது. எல்லாருக்கும் தெரிந்த சாமான் என்றுதான் அவர் ஓடியோ கசெற்றை வரைந்தார். பிறகு லப்டொப்பும் ஐபோனும் வந்து சேர்ந்தன. இன்றைக்குக் கசெற் படத்தைப் பார்க்கிற பத்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று விளங்கப்படுத்த ஒரு ஆள் வேணும். இழை எரிகிற பழைய மின்குமிழை ஐரோப்பிய ஒன்றியம் 2009 தொடக்கம் படிப்படியாகக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. கிரெய்க்-மார்ட்டினின் அச்சுகளில் அது இன்னும் இருக்கிறது.