புரூட்டஸும் ரவிதாசனும்

குமராட்சியில் பத்தாம் வகுப்புப் படித்த காலத்தில், எங்களுக்குச் சிதம்பரத்தைவிட ரோமாபுரிதான் சமீபத்தில் இருந்தது. சிதம்பரம் போவதென்றால் பஸ்ஸுக்குக் காசு வேண்டும். ரோமாபுரிக்கு எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் இலவசமாகவே அழைத்துப் போனார். பாடப் புத்தகத்தில் இருந்தது என்னவோ ஆன்டனியின் பிரசங்கம் மட்டும்தான். அவரோ தம்முடைய அட்டை போன புத்தகத்தை வைத்துக்கொண்டு ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை முதல் அங்கத்திலிருந்தே நடத்தினார். ஜன்னலுக்கு வெளியே நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள். உள்ளே கி.மு. 44, மார்ச் மாதம் 15-ஆம் தேதி. சீசர் செனட் சபைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் வகுப்பில் தர்க்கம் வைத்தார். 'புரூட்டஸ் துரோகியா, தேசபக்தனா?' என்பது விஷயம். நான் புரூட்டஸின் கட்சி. சிநேகிதனைவிடத் தேசம் பெரிது என்று அரை மணி நேரம் நியாயம் பேசினேன். எதிர்க்கட்சிப் பையன் நியாயம் எதுவும் பேசவில்லை. ஆன்டனியின் பிரசங்கத்தை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தான், அவ்வளவுதான். வகுப்பு முழுவதும் கை தட்டிற்று. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "தோற்றது நீ இல்லையடா, புரூட்டஸ்தான். அன்றைக்கும் அவன் இப்படித்தான் தோற்றான்" என்றார் வாத்தியார்.

அந்தப் பிரசங்கத்தைச் சரித்திரம் என்று நம்பித்தான் நாங்கள் நெட்டுருப் போட்டோம். உண்மையில் புளூட்டார்க் எழுதி வைத்தது கொஞ்சந்தான். ஆன்டனி சவ அடக்கத்தின்போது பேசினான், ஜனங்கள் இளகுவதைக் கண்டு ரத்தம் தோய்ந்த அங்கியை விரித்துக் காட்டினான் என்கிறார். தாமஸ் நார்த் அதை 1579-ல் இங்கிலீஷில் கொடுத்தார். அதைப் படித்த ஷேக்ஸ்பியர், 1599-ல் மேடை ஏறிய தம் நாடகத்துக்காக வார்த்தைகளைத் தாமே கட்டினார். ஒரு நாடகக்காரன் செய்த பேச்சு ரோமாபுரியின் பேச்சாகவே நிலைத்துவிட்டது. என் தொழிலில் இருப்பவனுக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

நாலாம் அங்கம் முதல் காட்சிக்கு வந்தபோது, அது பரீட்சைக்கு வராது என்று தெரிந்து நாங்கள் புத்தகத்தை மூடினோம். வாத்தியார் விடவில்லை. மிகச் சிறிய காட்சி அது. ஆன்டனி, ஆக்டேவியஸ், லெபிடஸ் மூவரும் உட்கார்ந்து ஒரு ஜாபிதா தயாரிக்கிறார்கள். யார் யார் சாக வேண்டுமோ அவர்கள் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி. லெபிடஸ் தன் சகோதரனை விட்டுக் கொடுக்கிறான். பதிலுக்கு ஆன்டனி தன் சகோதரி மகனை விட்டுக் கொடுக்கிறான். அது முடிந்ததும், சீசரின் உயிலை எடுத்து வரச் சொல்கிறான் ஆன்டனி. எதற்கு? ஜனங்களுக்கு எழுதி வைத்ததில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பதற்கு! தலைக்கு 75 டிராக்மா என்று படித்துக் காட்டி ஊரையே கொளுத்த வைத்த அதே உயில். இது கற்பனையும் அல்ல. கி.மு. 43-ல் அம்மூவரும் அப்படி ஒரு ஜாபிதாவை நிஜமாகவே வெளியிட்டார்கள். சிசரோவின் பெயர் அதில் இருந்தது. பெயர் இருந்தவன் தலையும் போயிற்று, சொத்தும் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் எங்களில் ஏழெட்டுப் பேரைச் சைக்கிளில் கிளப்பிக்கொண்டு மேற்கே காட்டுமன்னார்கோயிலுக்குப் போனார். எதற்கென்று சொல்லவில்லை. வீராணத்து ஏரியில் குளிக்கத்தான் என்று நாங்கள் துண்டு எடுத்துப் போயிருந்தோம். அவரோ நேரே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்குள் நுழைந்து, ஒரு சுவருக்கு முன்னால் நின்றார். "இதுதான் நம் ஊர் நாலாம் அங்கம்" என்றார்.

விஷயம் இதுதான். வீரபாண்டியன் தலைகொண்ட ஆதித்த கரிகாலன், ராஜராஜ சோழரின் தமையன். கி.பி. 970-ஐ ஒட்டி அவன் கொலையுண்டான். 985-ல் ராஜராஜர் பட்டத்துக்கு வந்தார். அவருடைய இரண்டாம் ஆட்சியாண்டில், அந்நாளில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் பெற்றிருந்த இவ்வூர்ச் சபைக்கு வந்த ஓலைதான் கல்லில் இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. பட்டப் பெயர்களைப் பார்த்தால் தெரியும், சாமானியர்கள் அல்லர்; அரசாங்க உத்தியோகத்தில் உயர்ந்த அந்தணர்கள். பறிக்கப்படுவது அவர்கள் சொத்து மட்டும் அல்ல. தம்பிமார், மக்கள், மனைவிமார், தாயுடன் பிறந்த மாமன்மார், கூடப் பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், அவர்கள் மக்களைக் கட்டியவர்கள் என்று ஜாபிதா நீண்டுகொண்டே போகிறது.

ஏன் கொன்றார்கள்? அதற்கு ஒரு வரிகூட இல்லை. பாண்டியன் தலை உருண்டதற்குப் பழியா? பஞ்சவன் என்றால் பாண்டியன். அந்தப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படி ஊகிப்பவர்கள் உண்டு. சிங்காதனப் போட்டியா? திருவாலங்காட்டுச் செப்பேடு, கரிகாலன் சுவர்க்கத்தைப் பார்க்கும் ஆசையால் போய்விட்டான் என்று நாசூக்காகச் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு ராஜ்யம் வேண்டாம் என்று ராஜராஜர் இருந்ததாகவும் சொல்கிறது. இதை வைத்துக்கொண்டு, இடையில் ஆண்ட உத்தம சோழர்மேல் சந்தேகத்தைத் திருப்பினார் நீலகண்ட சாஸ்திரியார். பதினைந்து வருஷம் துரோகிகள்மீது கை வைக்காமல் இருந்தது ஏன் என்பது கேள்வி. மறுத்தவர் சதாசிவப் பண்டாரத்தார். வேடிக்கை என்னவென்றால், முன்னவர் 1920-களில் சிதம்பரம் கல்லூரியில் பிரின்ஸிபாலாக இருந்தவர். பின்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். எங்கள் வகுப்புத் தர்க்கம் சிதம்பரத்தில் பெரிய அளவில் நடந்திருக்கிறது! நாவலாசிரியனாகச் சாஸ்திரியாரின் சந்தேகம் எனக்குப் பிடிக்கிறது. ஜூரியில் உட்கார்த்தினால் உத்தம சோழரை விடுதலை செய்துவிடுவேன். தமையனைக் கொன்றவர் மகனைக் கோயில் காரியங்களை விசாரிக்கும் உயர்ந்த பதவியில் ராஜராஜர் வைத்திருப்பாரா? கல்கி இந்தக் கதையைத்தான் 1950-லிருந்து நான்கு வருஷம் எழுதினார். கத்தி பாய்கிற இடத்தில் விளக்கை அணைத்துவிட்டார். கெட்டிக்காரர்.

தர்க்கத்தில் ஜெயித்த பையன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஸார், ரவிதாசன் பேசியது எதுவும் இதில் இல்லையா?" என்று கேட்டான்.

"இல்லை. புரூட்டஸுக்கு ஒரு ஷேக்ஸ்பியர் கிடைத்தார். இவனுக்குக் கிடைத்தது ஓலை எழுதுகிறவன்."

"பெண்ணைக் கட்டியவர்கள் என்ன செய்தார்கள்?"

வாத்தியார் உடனே பதில் சொல்லவில்லை. "சின்னா ஞாபகம் இருக்கிறதா?" என்றார். மூன்றாம் அங்கத்துக் கடைசியில் வருகிற கவிஞன் சின்னா. சதிகாரன் ஒருவன் பெயரும் சின்னா. நான் அவன் இல்லை, கவிஞன் என்று கதறுகிறான்; பெயர் ஒன்றாக இருக்கிறதே, அது போதும் என்று ஜனங்கள் பிய்த்துப் போடுகிறார்கள். அந்தக் காட்சியை வகுப்பில் படித்தபோது நாங்கள் சிரித்திருந்தோம்.

ஏரியில் குளித்துவிட்டு, இருட்டுகிற நேரத்துக்குக் குமராட்சி திரும்பினோம். அந்த வருஷப் பரீட்சையில் ஆன்டனியின் பிரசங்கத்தைச் சொந்த வாக்கியத்தில் எழுதச் சொல்லியிருந்தார்கள். நன்றாகவே எழுதினேன். நாலாம் அங்கத்திலிருந்து கேள்வி எதுவும் வரவில்லை.