நெடும்பயணத்துக்குத் தயாராகும் சின்ன வண்டி

மாத்தளையில் என் 125 சிசி சீன மோட்டார் சைக்கிளை இந்தியப் பயணத்துக்குத் தயார்செய்யத் தொடங்கியதும் முதலில் தடுத்தது பதிவுப் புத்தகம். அது இன்னமும் முந்தைய உரிமையாளரின் பெயரில் இருந்தது. ஆகவே முதலில் பெயரை மாற்ற வேண்டியிருந்தது.

இந்தியாவுக்குள் வண்டியைத் தற்காலிகமாக எடுத்துச்செல்ல 'கார்னே' எனும் சுங்க ஆவணம் வேண்டும். அதையும் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தையும் இலங்கை ஆட்டோமொபைல் சங்கம் வழங்குகிறது. இயந்திர இலக்கமும் செசி இலக்கமும் புத்தகத்துடன் பொருந்துகின்றனவா என்று முதலே பாருங்கள். காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் பயணிகளுக்கானது. வண்டியைச் சரக்காகவே அனுப்ப வேண்டும்.

பல சிறிய சீன இயந்திரங்கள் 1976இல் வந்த ஹொண்டா சிஜி125இன் அமைப்பைப் பின்பற்றியவை. அதனால் பழுதுபார்ப்பது எளிது. என் வண்டிக்கு ஒயில் ஏறத்தாழ ஒரு லீற்றர்தான். கடதாசி வடிகட்டி கிடையாது. ஆகவே 1,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டயர்களும் செயினும் புதியவை. கிளச் கேபிள், ரியூப், பிளக், செயின் இணைப்பு பையில் இருக்கின்றன.

கடைசியாக, முழுச் சுமையுடன் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போய்வந்தேன். ஓமந்தையில் ஒருகாலம் எம்மவர்கள் கடதாசிகளோடு வரிசையில் நின்ற வீதி அது. ஆனையிறவில் இறங்கிப் பார்த்தபோது பொதிதாங்கியின் நட் ஒன்று கழன்றிருந்தது. ஊருக்குள்ளேயே அது தெரிந்தது நல்லதாயிற்று.