கொழும்பில் கதவு மூடினால் எங்கள் ஊரில் எது நிற்கும்?

'அரசாங்கம் மூடப்பட்டது' என்ற செய்தியை நாங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே கேள்விப்படுகிறோம். 2025 ஒக்ரோபர் 1 தொடக்கம் நவம்பர் 12 வரை 43 நாட்கள் அங்கு அப்படி நடந்தது. அந்நாட்டுக் காங்கிரஸ் நிதி ஒதுக்கீட்டை நிறைவேற்றாததால் இலட்சக்கணக்கான அரச ஊழியர்கள் சம்பளமின்றி இருந்தனர். ஏறத்தாழ 4 கோடி 20 இலட்சம் பேர் பெற்றுவந்த உணவு உதவியும் நவம்பரில் தடைப்பட்டது.

அந்த நாட்களில் அயலவர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "இஞ்சை அப்பிடி நடந்தால் எங்கடை கொடுப்பனவுகள் என்ன ஆகும்?" பிரதேச செயலகமொன்றில் நீண்ட காலம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றதனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. இங்கேயும் நடந்திருக்கிறது, ஆனால் பூட்டுப் போட்டு அறிவித்து நடந்ததில்லை. அப்படி நடந்தபோதெல்லாம் முதலில் நின்றது சம்பளம் அல்ல, நிவாரணம்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல்கள்

அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரையின்படி அரச நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது. ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீட்டுச் சட்டமூலம் நிறைவேறினால்தான் திறைசேரி காசை விடுவிக்கலாம். அது உரிய காலத்தில் நிறைவேறாவிட்டால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சில மாதங்களுக்கு மட்டும் செலவை அனுமதிக்கும் இடைக்காலக் கணக்கறிக்கை. மற்றது 150ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி. ஒதுக்கீட்டுச் சட்டமூலம் நிறைவேறுமுன் பாராளுமன்றம் கலைக்கப்பட்டால், புதிய பாராளுமன்றம் கூட அழைக்கப்பட்ட திகதியிலிருந்து மூன்று மாதங்கள் முடியும்வரை பொதுச் சேவைகளுக்குத் தேவையான நிதியை ஜனாதிபதி திரட்டு நிதியத்திலிருந்து எடுக்க முடியும்.

இந்த வாசல்களால் சம்பளம், ஓய்வூதியம், ஆஸ்பத்திரிச் செலவு போன்றவை தொடரும். ஆனால் இவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை ஓடவைக்கத்தான் உதவும். புதிதாகத் தொடங்க வேண்டிய கொடுப்பனவும் அடுத்த கட்டக் காசை எதிர்பார்க்கும் வேலையும் காத்திருக்க வேண்டியதுதான். போரினால் பாதிக்கப்பட்ட மக்களுக்குரிய உதவிகளிற் பல இந்த இரண்டாவது வகையிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன.

2018: இரண்டு வெற்றிடங்கள்

வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபர் 24இல் முடிந்தது. இரண்டு நாட்களின் பின், ஒக்ரோபர் 26இல், கொழும்பில் பிரதமர் நீக்கப்பட்டு அரசியலமைப்பு நெருக்கடி வெடித்தது. மாகாணத்திலும் எங்களுக்குப் பேச ஆளில்லை, மத்தியிலும் யார் அரசாங்கம் என்று தெரியவில்லை. டிசெம்பர் 3இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவின் பின் நாட்டில் செயற்படும் அமைச்சரவையே இருக்கவில்லை. டிசெம்பர் 16இல் ரணில் விக்கிரமசிங்க மீண்டும் பதவியேற்றார். டிசெம்பர் 21இல் அடுத்த நான்கு மாதங்களுக்கான இடைக்காலக் கணக்கறிக்கை நிறைவேறியதால், ஜனவரி முதலாம் திகதி நடக்கவிருந்த உண்மையான மூடல் பத்து நாள் இடைவெளியில் தவிர்ந்தது.

சம்பளம் வந்தது. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபா இடைக்கால நிவாரணம் வழங்கும்படி காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018 செப்ரெம்பரில் வெளியிட்ட இடைக்கால அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது. அது அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டியது. நவம்பர் 5இல் வரவிருந்த அந்தத் திட்டம் 2019 மார்ச் 5இல்தான் சமர்ப்பிக்கப்பட்டது. கொடுப்பனவு சிறு தொகையினருக்குத் தொடங்கியபோது ஆண்டின் இறுதிப் பகுதி வந்துவிட்டது. நவம்பரில் ஆட்சியும் மாறியது.

2022இல் மாதாந்த உதவி என்ற பேச்சுப் போய், ஒரே தடவையில் 100,000 ரூபா என்று அமைச்சரவை முடிவெடுத்தது. பின்னர் அது 200,000 ஆக்கப்பட்டது. தங்களுக்கு வேண்டியது உண்மையும் நீதியும் என்று கூறி வீதியோரங்களிற் போராடிய தாய்மார் அதை மறுத்தனர். அந்த மறுப்பின் நியாயம் வேறு. நான் இங்கு சொல்வது ஒரு கணக்குப் பிரச்சினையை. நிரந்தரச் சட்டத்தில் இல்லாத நிவாரணம் ஒவ்வொரு ஆட்சி மாற்றத்தோடும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது.

பாதியில் நின்ற வீடுகள்

வீட்டுத்திட்டக் காசு ஒரேயடியாக வருவதில்லை. அத்திவாரத்துக்கு ஒரு தொகை, சுவருக்கு ஒரு தொகை, கூரைக்கு ஒரு தொகை என்று கட்டம் கட்டமாகவே வரும். 2019 நவம்பர் ஆட்சி மாற்றத்தின் பின் வடக்கில் பல குடும்பங்களுக்கு அடுத்த கட்டக் காசு வரவில்லை. 2020 மார்ச் 2இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது, பிறகு கொரோனா வந்தது. அந்த ஆண்டின் பெரும்பகுதி முழுமையான வரவு செலவுத் திட்டம் இல்லாமலே கழிந்தது. இருந்த கொட்டிலைப் பிரித்து, நகையை அடகு வைத்துச் சுவர் எழுப்பியவர்கள் தறப்பாளின் கீழ் மழைக்காலத்தைக் கழித்தார்கள். அரசாங்க ஏட்டில் அது 'நிலுவை' என்ற ஒரு சொல் மட்டுமே.

2022: எரிபொருளால் வந்த மூடல்

2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. ஜூன் 20 தொடக்கம் அத்தியாவசியம் தவிர்ந்த அரச ஊழியர்களை இரண்டு வாரங்கள் வீட்டிலிருந்து வேலை செய்யுமாறு அரசு அறிவித்தது. ஜூன் 27 நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றாகியது. பாடசாலைகளும் ஜூலை 25இல்தான் திறந்தன.

வீட்டிலிருந்து வேலை என்பது கோப்பும் இறப்பர் முத்திரையும் அலுவலகத்தில் இருக்கும் பிரதேச செயலகத்தில் என்ன பொருள்படும்? கிராம அலுவலரின் கையொப்பம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, காணி அனுமதிப்பத்திரம் எல்லாம் பிந்தும். ஊழியருக்குச் சம்பளம் வரும், கையொப்பத்துக்கு வந்த கூலித் தொழிலாளிக்கு அன்றைய நாட்கூலி போகும்.

தீவகத்தில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. குறிகட்டுவானிலிருந்து படகு ஓடினால்தான் நெடுந்தீவுக்கு ஆசிரியரும் மருந்தும் போய்ச்சேர முடியும். அந்த ஜூனில் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகம் நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு மீனவர்கள் 700 பேருக்கு 15,000 லீற்றர் மண்ணெண்ணெய் வழங்கியது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. சிறு படகுக்காரருக்கு அதன்பின் கடலுக்குப் போவதா விடுவதா என்பதே கணக்காயிற்று.

எங்களவர்க்கு இது புதிதல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். அப்போதும் அரச ஊழியரின் சம்பளமும் ஓய்வூதியமும் வந்துகொண்டுதான் இருந்தன. சவர்க்காரம், பற்றரி, எரிபொருள் என்பனவே தடுக்கப்பட்டன. பிடிமானமுள்ள காசு போரிலும் வந்தது, பிடிமானமில்லாதது சமாதானத்திலும் நிற்கிறது.

காசில்லை என்று நின்ற வாக்கு

2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் திறைசேரி நிதி விடுவிக்காததால் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6இல் நடந்தது. அதுவரை எங்கள் பிரதேச சபைகளில் தெருவிளக்கு, குடிநீர், வடிகால் பற்றிக் கேட்க உறுப்பினர் இல்லை. மாகாண சபைத் தேர்தலோ 2013க்குப் பின் நடக்கவேயில்லை.

நாங்கள் செய்யக்கூடியவை

உங்கள் கொடுப்பனவு எந்த அலுவலகத்தின், எந்த ஆண்டு ஒதுக்கீட்டில் வருகிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். மத்திய அமைச்சா, மாகாணமா, பிரதேச சபையா என்பது தெரியாமல் அலைவதிலேயே பலருக்கு மாதங்கள் போகின்றன. விண்ணப்பம் கொடுக்கும்போது திகதியிட்ட பற்றுச்சீட்டையும் கோப்பு இலக்கத்தையும் வாங்குங்கள், எல்லாவற்றுக்கும் ஒரு நிழற்பிரதி வீட்டில் இருக்கட்டும். வீட்டுத்திட்டமெனில் அடுத்த கட்டக் காசு எப்போது என்பதை எழுத்தில் பெறும்வரை இருக்கும் கொட்டிலைப் பிரிக்காதீர்கள்.

"மேலே இருந்து காசு வரவில்லை" என்று பதில் வந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே கேள்வி கொடுக்கலாம். எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு விடுவிக்கப்பட்டது என்று இரண்டே வரி போதும். 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர்களிடம் தொகையைக் கூட்டித் தரச் சொல்வதோடு நிற்க வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்குரிய கொடுப்பனவும் ஒரு ஓய்வூதியத்தைப் போல ஆட்சி மாறினாலும் மாறாதபடி சட்டத்தில் எழுதப்படுமா என்று கேளுங்கள். அப்படி எழுதப்படும்வரை கொழும்பில் எந்தக் கதவு மூடினாலும் முதலில் நிற்கப்போவது அதுதான்.