ஒன்பது பெற்ற அப்பத்தா

2024 அக்டோபரில் ஒருநாள் புதுக்கோட்டையிலிருந்து அம்மா போன் செய்தார். நான் ஹைதராபாத் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. சாப்பாடு, மழை, பேத்தி என்ற வரிசையில்தான் அம்மாவின் போன் போகும். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஏப்பா, பதினாறு பெத்துக்கிட்டா என்னன்னு முதலமைச்சரே கேக்குறாரு. நீங்க ஒத்தப் புள்ளையோட நிறுத்திட்டீங்களே?"

ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில், நாடாளுமன்றத் தொகுதிகள் குறைந்துவிடுமே என்ற கவலையில் பாதி வேடிக்கையாகச் சொன்னது அது. அதே மாதம் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் நிறைய பிள்ளை பெறச் சொன்னார். மறுநாள் கேன்டீனில் பார்த்தால், தெலுங்கு நண்பருக்கும் அவர் அம்மாவிடமிருந்து அதே போன் :-)

நிற்க. அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று பழைய கணக்குகளைப் புரட்டினேன்.

அப்பாவைப் பெற்ற அப்பத்தாவுக்கு ஒன்பது பிள்ளைகள். வளர்ந்தது ஐந்து. அந்தக் காலத்தில் இது ஊர்க்கதை, தனிக்கதை அல்ல. நான் இருக்கும் இந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் 1891-ல் ஒரு கோடியே 15 லட்சம் பேர். 1901-ல் ஒரு கோடியே 11 லட்சம். நடுவில் வந்தது பஞ்சம். 1911-ல் ஒரு கோடியே 33 லட்சம் ஆனது, 1921-ல் ஒரு கோடியே 24 லட்சமாக இறங்கியது. இந்த முறை 1918-ன் விஷக்காய்ச்சல். வீட்டுக்கு ஏழு, எட்டு பெற்றும் ஜனத்தொகை குறைந்தது என்றால், எத்தனை தொட்டில்கள் காலியாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1921-க்கு அப்புறம் சாவு மெல்லக் குறைய ஆரம்பித்தது. பிறப்பு குறையவில்லை. அதன் பலன், நாடு முழுக்கக் குழந்தைகள். 1971-ல் இந்தியாவில் நூறு பேருக்கு 41 பேர் பதினைந்து வயதுக்குக் கீழே! அப்போதும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை.

சாவு குறைந்த கதையில் ஹைதராபாத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897-ல், நம் செகந்திராபாத்தில். குழந்தைகளுக்கான நிலோஃபர் ஆஸ்பத்திரி 1953-ல் வந்தது. தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முதலில் நம்ம குன்னூரில் இருந்தது, 1958-ல்தான் இங்கே குடிவந்தது (நம்மை மாதிரியே!). அதை நடத்திய டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். குழந்தைகளின் கண்பார்வையைக் காக்க வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-ல் வந்தது, அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சியால்தான்.

பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் 'நாம் இருவர், நமக்கு இருவர்' ஜனங்கள் காதில் ஏறியது என்பது என் எண்ணம். எமர்ஜென்சி காலத்தில் பிடித்துப் பிடித்து ஆபரேஷன் செய்தார்கள். மிஞ்சியது பயம்தான். தமிழ்நாட்டில் பெண்கள் பள்ளிக்குப் போனது, கல்யாணம் தள்ளிப்போனது, சத்துணவு, கிராமத்து நர்ஸம்மா, இவையெல்லாம் சத்தமில்லாமல் அந்த வேலையைச் செய்தன.

2001-க்கும் 2011-க்கும் நடுவில் இந்தியாவில் 18 கோடிப் பேர் கூடினார்கள். ஆறு வயதுவரையிலான குழந்தைகளோ ஏழு லட்சம்கூடக் கூடவில்லை. ஒன்றுபட்ட ஆந்திராவில் அவர்கள் ஒரு கோடியே ஒரு லட்சத்திலிருந்து 91 லட்சமாகக் குறைந்தே போனார்கள். 2023-ல் நாட்டில் பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நூற்றுக்கு 24 பேர்தான். ஒரு வயதுக்குள் இறப்பது ஆயிரத்துக்கு 25.

ஒரு கசப்பும் உண்டு. சின்னக் குடும்பம் வேண்டும், அதில் ஆண்பிள்ளையும் வேண்டும் என்று ஸ்கேன் சென்டருக்குப் போனவர்கள் எத்தனை பேர்! அந்த ஆறு வயதுவரையிலான கணக்கில், ஆயிரம் பையன்களுக்குப் பெண் குழந்தைகள் 1991-ல் 945, 2001-ல் 927, 2011-ல் 920-க்கும் கீழே.

இப்போது காற்று திரும்பிவிட்டது. இரண்டுக்கு மேல் பெற்றால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்று 1994-ல் சட்டம் போட்ட அதே ஆந்திரா, 2024 நவம்பரில் அதை எடுத்துவிட்டது. 2025-ல் தெலங்கானா அமைச்சரவையும் அதே முடிவுக்கு வந்தது. அன்றைக்குக் குறை என்றார்கள், இன்றைக்குக் கூட்டு என்கிறார்கள். இரண்டு தடவையும் பெறுகிறவளிடம் யாரும் கேட்கவில்லை.

அப்பத்தா ஒன்பது பெற்றது, எது தங்கும் என்று தெரியாத பயத்தில். நாங்கள் ஒன்றோடு நின்றதற்குக் காரணம் வேறு. மகள் பிறந்தபோது மனைவி ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பாட்டிகள் இருவரும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. காய்ச்சல் என்றால் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். யார் லீவு போடுவது என்று நடுராத்திரியில் சண்டை போட்டிருக்கிறோம். இன்னொன்று வேண்டாம் என்று நாங்கள் உட்கார்ந்து முடிவெடுத்ததே இல்லை, வருஷங்கள்தான் ஓடிப்போயின.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"உங்க அப்பத்தாகிட்ட யாரு கேட்டாலும் எனக்கு ஒன்பதுன்னுதான்பா சொல்லும். அஞ்சுன்னு ஒருநாளும் சொன்னதில்ல" என்றார். அப்புறம், "நான் வந்து இருந்திருக்கணும்" என்றார்.

எண்ணிக்கை குறைகிறதே என்று கவலைப்படும் பெரியவர்கள், பிறந்ததை வளர்க்க ஒரு கை கொடுப்பதைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கலாம். சொந்த ஊரை விட்டு வந்த உங்கள் வீடுகளில் எப்படி? ஒன்றோடு நின்றீர்களா, நிற்க வைக்கப்பட்டீர்களா?