ஈயமும் பட்டியும்

பொழிச்சலூரில் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. பக்கத்து வண்டலூரில் பிறந்த வண்டி. கதவில் ஓர் ஒடுக்கு.

அந்நாளில் ஒடுக்கைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தில் ஈயம் உருக்கி நிரப்புவார்கள். துப்புரவான தகட்டில்தான் ஈயம் பிடிக்கும். அராவும் தூளோ நஞ்சு. 1955-ல் மியாமியில் ராபர்ட் மெர்ட்டன் ஸ்பிங்க் என்ற பட்டறைக்காரர், பிளாஸ்டிக்கில் மாக்கல் பொடி கலந்து பட்டி செய்தார். இறுக்கும் பசை சேர்த்தால் சில நிமிஷங்களில் கெட்டிப்படும். உப்புத்தாளால் தேய்த்து வர்ணம் பூசலாம். வித்தை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது!

நானும் பூசினேன், துருவைச் சுரண்டாமலே. ஐப்பசி மழையில் கொப்புளித்து உதிர்ந்தது. அழுக்கைக் கண்டால் ஈயம் அப்போதே மறுத்துவிடும். பட்டி ஒட்டியதுபோல் நடிக்கும். எளிதாகிவிட்ட வேலையில் கண்டிப்பு நம்மிடம்தான் இருக்கவேண்டும்.