ஸ்கிரீனுக்குப் பின்னால் இருந்த மலை

நத்தம் கணவாயின் பெயர் கம்பெனிக்காரர்கள் ஏட்டில் ஏறியது அவர்கள் இங்கே வாங்கிய அடியால்தான். 1755 மே மாதக் கடைசியில் கர்னல் ஹெரானின் படை இந்த வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வரும்போது மதுரைக்குப் பக்கத்துக் கோயில்குடியில், அதாவது திருமோகூரில், சாமி சிலைகளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். கள்ளர் நாட்டார் காட்டுக்குள் மறித்து அடித்துச் சிலைகளை மீட்டார்கள். ஹெரான் சென்னைக்குப் போய் ராணுவ விசாரணையில் வேலை இழந்தார். ராபர்ட் ஆர்ம் என்ற கம்பெனி வரலாற்றாசிரியர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பிறகு வந்த வெள்ளைக்காரர்களுக்கு நத்தம் என்றால் சீக்கிரம் கடந்துவிட வேண்டிய புதர்க்காடு.

நான் இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவன். ஆகவே என் சரித்திரப் படிப்பெல்லாம் 'இங்கே யார் படம் எடுத்தார்கள்' என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான். இந்தப் பக்கம் படம் எழுத வந்தவர்களில் பெயர் போனவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரன் மகன் வில்லியமும். 1792இல் வந்தார்கள். திப்புவோடு போர் முடிந்து திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்கு வந்த அதே வருஷம். லண்டனில் மலைக்கோட்டைப் படங்களுக்குக் கிராக்கி. லென்ஸ் வழியாகக் காட்சியைக் காகிதத்தில் விழவைத்துக் கோடு இழுத்துக்கொள்ளும் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். நம்முடைய கேமராவுக்கு அது பாட்டன். அவர்கள் பின்னால் வெளியிட்ட 144 படங்களில் ஆத்தூர்ப் பக்கத்துக் காட்சி ஒன்றும் உண்டு. இதே மாவட்டம்தான், மலைக்கு அந்தப் புறம்.

நெகட்டிவோடு வந்தவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக் கிளம்பி, சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பனிக்காலத்தில் தொடங்கிச் சித்திரை வெயிலில் முடித்தார். பிலிம் என்பதே இல்லாத காலம். மெழுகு ஏற்றிய காகிதத்தில் மருந்து தடவி, அதைத்தான் நெகட்டிவாக வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் சுமார் 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். கண்ணாடி நெகட்டிவ் என்றால் மருந்து காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்துக் கொண்டுபோகலாம். நம் வெயிலுக்கு அதுதான் தோது. ஆனால் நிமிஷக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். நடந்து போகிறவன் படத்தில் விழவே மாட்டான். ட்ரைப் எடுத்த மதுரையில் ஆளரவம் குறைவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். அந்த மதுரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஊரடங்கு நினைவுதான் வரும்.

அவருடைய வானம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் கால மருந்துக்கு நீலம் சட்டென்று பதிந்துவிடும்; வானம் முழுக்க வெந்து வெறும் வெள்ளையாகிவிடும். ட்ரைப் நெகட்டிவில் வண்ணம் தொட்டு மேகம் வரைந்தார், மரங்களுக்கு இலை சேர்த்தார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பென்சிலைச் சீவி, நெகட்டிவில் மாப்பிள்ளை முகத்து அம்மைத் தழும்பை அடைப்பார். அதற்கு நாங்கள் டச்சிங் என்போம். ட்ரைப் செய்ததும் டச்சிங்தான், சம்பளம் மட்டும் கவர்ன்மென்ட் சம்பளம். அதுவும் நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதை ஆடம்பரச் செலவு என்று சொல்லி இழுத்து மூட வைத்தார். அதற்குள் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 20க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களில் பிடித்து, ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளப் படமாக்கிவிட்டார் மனிதர்.

டேனியலும் ட்ரைப்பும் எங்கேயோ போட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். கோட்டை, கோயில், அரண்மனை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஆட்களும் கேமரா கைக்கு வந்ததும் அதே பட்டியலைத்தான் எடுத்துக்கொண்டோம். அதற்கு என் ஸ்டூடியோவே சாட்சி.

எல்லா ஸ்டூடியோவிலும் ஸ்கிரீன் உண்டு. என்னிடம் இருந்தது காஷ்மீர் ஏரி: படகுவீடு, பனிமலை, ஓரத்தில் ரோஜாத் தொட்டி. மதுரையில் சினிமா பேனர் எழுதியவர் போட்டுக்கொடுத்தது. ஏரித் தண்ணீர் நடிகரின் சட்டை நீலத்தில் இருக்கும். நத்தத்தில் புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் அந்தக் கரையில்தான் நின்றார்கள். மாசித் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டி வந்தவர்கள், மஞ்சள் துணியோடும் தீச்சட்டியோடும் காஷ்மீரில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஊட்டியில் அரசு நடத்திய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் 'இந்து' பிலிம் போட்டு எடுப்பேன். கறுப்பு வெள்ளையில் ஏரி சாம்பலாகிவிடும், யாருக்கும் குறையில்லை. ஸ்கிரீன் தொங்கிய சுவருக்கு அந்தப் பக்கம் கொல்லைக் கதவு. அதைத் திறந்தால் கரந்தமலை. ஒருத்தரும் அங்கே நிறுத்தி எடுங்கள் என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. காசு கொடுத்து எடுக்கிற படத்தில் தினம் பார்க்கிற மலை எதற்கு?

இந்த விஷயத்தில் எனக்குக் கண் திறந்தவர் ஏ.கே. செட்டியார். கோட்டையூர்க்காரர், நமக்கு அடுத்த சீமை. முப்பதுகளில் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோ தொழில் படித்தவர். உலகம் சுற்றிக் காந்தியைப் பற்றிய பிலிம் துண்டுகளைத் தேடிப்பிடித்து, ஐம்பதாயிரம் அடி சேர்த்து, 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டார். அத்தனை தூரம் போன மனிதர் ஊர் திரும்பி என்ன செய்தார்? 'குமரி மலர்' நடத்தினார். பழைய பத்திரிகைகளைத் துருவி, தமிழ்நாட்டு ஊர்களுக்கு ரயிலிலும் வண்டியிலும் போன நம் ஆட்கள் எழுதிய பயணக் கட்டுரைகளை அறுபதுகளில் தொகுத்துப் போட்டார். எந்தச் சத்திரத்தில் சோறு நன்றாக இருந்தது, எந்த ஸ்டேஷனில் தண்ணீர் இல்லை என்பதெல்லாம் அந்த மாதிரி எழுத்தில்தான் கிடைக்கும். ட்ரைப் படத்தில் விழாமல் போன ஆட்கள் இவர் தொகுப்பில் நடமாடுகிறார்கள். தன்னைப் படம் எடுக்க மட்டும் அவர் லேசில் விடமாட்டாராம். போட்டோக்காரர்கள் பலரிடம் இந்தக் குணத்தைப் பார்த்திருக்கிறேன், எனக்கும் உண்டு.

மா. கிருஷ்ணனையும் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் மாதவையாவின் மகன். உதிரி பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட கேமராவோடு யானைக் காடுகளில் அலைந்தவர். 1950இலிருந்து 1996இல் சாகும்வரை ஒரே பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதினார். அதில் யானைக்குக் கொடுத்த மரியாதையை வீட்டுக் காக்கைக்கும் அணிலுக்கும் கொடுத்திருக்கிறார். கறுப்பு வெள்ளையை அவர் கடைசிவரை விடவில்லை.

நான் கொடைக்கானல், ஹம்பி, வால்பாறை என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்வந்தவன். வால்பாறையில் சிங்கவால் குரங்குக்காக மரத்தடியில் கிடந்திருக்கிறேன். எங்கள் தோட்டத்துக் கிணற்றுமேட்டில் தேவாங்கு இருப்பது சின்ன வயதிலேயே தெரியும். ராத்திரி டார்ச் அடித்தால் இரண்டு சிவப்புக் கண். அது வந்தால் ஆகாது என்று கல்லெறிவார்கள். 2022 அக்டோபரில் கடவூரை மையமாக வைத்து 11,806 ஹெக்டேரில் தேவாங்கு சரணாலயம் அறிவித்தார்கள். நாட்டிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டத்துக் காடு, எங்கள் நத்தம் தாலுகாவும் அதில் சேர்த்தி. அதன்பிறகு பெரிய லென்ஸ்காரர்கள் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். முகத்துக்கு நேரே பிளாஷ் அடிக்காதீர்கள் என்று சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பேன். இருட்டில் பிழைக்கிற ஜீவன், அந்தக் கண் அவ்வளவு வெளிச்சத்துக்கு ஆனதல்ல.

காஷ்மீர் ஸ்கிரீன் கிழிந்து, மாம்பழ சீசனில் கல்லாமை மாங்காய்க் குவியலை மூடப் போய்விட்டது. இப்போது கல்யாண ஜோடிகள் 'அவுட்டோர்' கேட்டு மலையடிவாரத்துக்கே போகிறார்கள். வானம் வெளுத்திருந்தால் பையன்கள் கம்ப்யூட்டரில் வேறு வானம் வைத்துவிடுகிறார்கள். எனக்கு வருகிற ஆர்டர் வேறு மாதிரி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் செந்துறைப் பக்கத்துப் பிள்ளை ஒருவர், அங்கே ஹால் சுவரில் மாட்ட அவர் தோட்டத்தைப் பெரிய பிரின்டாகக் கேட்டார். காலை வெயிலில் மாமரம், புளி, பின்னால் கரந்தமலை. நன்றாக வந்திருந்தது, நடுவில் மட்டும் ஒரு கரண்ட் கம்பம். எடுத்துவிடட்டுமா, அரை மணி நேர வேலைதான் என்று போனில் கேட்டேன்.

"ஐயோ, வேண்டாம்ணே. அது நம்ம கெணத்து மோட்டார் கனெக்சன். எங்கப்பா எத்தனை வருசம் அலைஞ்சு வாங்குனாரு தெரியுமா?"